இத்தனை பல்லை அடைத்தது யார்

பல்லக்காவுக்கு வாய் ஓயாது. இதை நான் கோள் மூட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவளே ஒப்புக்கொண்ட விஷயம்தான். காலையில் பல் துலக்கும் மூன்று நிமிடம் மட்டும்தான் வீட்டில் அமைதி, அந்த மூன்று நிமிடமும் அம்மா கையாலேயே பேசிவிடுவாள் என்று அவள் பெரிய பெண் சொல்வாள். கட்டிக்கொண்டவரோ நேர் எதிர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் அன்றைக்கு உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று அர்த்தம். இந்த இரண்டு பேரும் இருபது வருஷமாக ஒரே வண்டியில் வேலை பார்க்கிறார்கள் என்றால் அது யார் செய்த புண்ணியமோ தெரியவில்லை.

வண்டி என்றால் பல் வண்டி, அதனால்தான் அவள் பல்லக்கா. நகர சுகாதாரத் துறையுடையது. நீளமான வெள்ளை வண்டி. உள்ளே சாய்கிற நாற்காலி ஒன்று, தலைக்கு மேல் விளக்கு, சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு கை கழுவும் தொட்டி, வளைவு வந்தால் தானாகத் திறந்துகொள்ளும் எட்டு இழுப்பறைகள். அந்த இழுப்பறைகளுக்காகவே அவள் ரப்பர் பட்டை வாங்கி வைத்திருக்கிறாள். அவர் ஓட்டுவார், அவள் உள்ளே பார்த்துக்கொள்வாள். வாரத்துக்கு ஒரு நாள் டாக்டர் வந்து எந்தப் பிள்ளைக்கு என்ன என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஒவ்வொரு பள்ளிக்கூட வாசலிலும் அவள் ராஜ்யம்தான்.

வேலை இதுதான். ஆறு ஏழு வயதில் பின்பக்கம் முதல் கடைவாய்ப் பல் முளைக்கும். அந்தப் பல்லின் தலையில் சின்னச் சின்னப் பள்ளங்கள், வரிகள். தின்றது எல்லாம் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், எந்தப் பிரஷ்ஷும் அங்கே எட்டாது. சொத்தை முதலில் பிடிப்பது அங்கேதான். அது பிடிக்கும் முன்பே அந்தப் பள்ளத்தைத் துடைத்து, பஞ்சு வைத்து உலர்த்தி, மேலே மெல்லிசாக ஒரு பூச்சைப் பூசி, நீல விளக்கை இருபது விநாடி காட்டினால் இறுகிப் போகும். வலி கிடையாது, துளை போடுவது கிடையாது. பிள்ளை வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தால் போதும். அதாவது பல்லக்கா பேசுவாள், பிள்ளை எதிர்த்துப் பேச முடியாது. இப்படிப்பட்ட உத்தியோகம் வேறு எங்கே கிடைக்கும்?

அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் பூச்சு எல்லாம் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்து எழுதிக்கொண்டு போவதுதான் வேலை. முதல் பள்ளியிலேயே அழுதுவிட்டாள். நான்கு வயதுப் பிள்ளை ஒன்று சிரித்தது, முன்வாயில் நான்கு கறுப்புக் குச்சி. சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கப் பழகிய பிள்ளை. பன்னிரண்டு வயதுக்காரர்களைப் பார்த்தால் அதைவிட மோசம், ஆளுக்கு நான்கு பல் கெட்டிருந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை துறை இதை முறையாக எண்ணும். அடுத்த தடவை மூன்றாயிற்று, அதற்கடுத்தது இரண்டு. பூச்சு வந்த பிறகு ஒன்று. கறுப்புக் குச்சிச் சிரிப்பு எல்லாம் மெல்ல மெல்லக் குறைந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தலைமுறைக்கு வாய் வெளுத்தது. இதை அவள் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கேட்காதீர்கள், கடைத்தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடப்பவர்கள் உண்டு.

இந்த வருஷம் மறுபடியும் எண்ண வேண்டிய வருஷம். நான்கு பள்ளி, இருநூற்று நாற்பது பிள்ளைகள், எல்லாருக்கும் பன்னிரண்டு வயது. தான் எழுதிய பரீட்சையைத் தானே திருத்தக் கூடாது அல்லவா, அதனால் எண்ணுவதற்கு வெளியிலிருந்துதான் டாக்டர் வருவார். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு புது டாக்டரை அனுப்பினார்கள். முப்பது வயதுதான் இருக்கும், கண்ணாடி, சுத்தமான நகம், பெரியவர்கள் பல்லை மட்டுமே பார்த்துப் பழகியவர். அவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு ஆள் வர வேண்டியிருந்தது. வர வேண்டியவருக்குக் கால் முறிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மேலதிகாரி மேடம் பல்லக்காவைப் பிடித்து உட்கார வைத்தார்.

எழுதுகிறவருக்கு ஒரே ஒரு சட்டம். டாக்டர் சொல்வதை எழுத வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. சந்தேகம் கேட்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, "ஓ" என்றுகூடச் சொல்லக் கூடாது. எழுதுகிறவர் முகத்தைப் பார்த்து டாக்டர் மனசு மாறிவிடக் கூடாது என்பதற்காக, அவருக்கு முதுகைக் காட்டித்தான் நாற்காலி போடுவார்கள். மேடம் அந்தச் சட்டத்தை மற்றவர்களுக்கு ஒரு தடவை சொல்வார், இவளுக்கு மூன்று தடவை சொன்னார். வண்டிக்காரர் அன்று காலை வீட்டிலேயே சிரித்துவிட்டார் என்று கேள்வி.

பள்ளிக்கு ஒரு நாளாக நான்கு நாள் நடந்தது அந்த வேலை. படிவத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் நான்கு கட்டம். நல்லது, சொத்தை, அடைத்தது, பிடுங்கியது. அச்சடித்து இருபது வருஷம் ஆன படிவம், மாற்றியதே இல்லை. புது டாக்டர் பிள்ளைக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு மளமளவென்று சொல்லிக்கொண்டு போனார். நல்லது, நல்லது, அடைச்சது, நல்லது, அடைச்சது. பல்லக்கா எழுதினாள். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு எழுதினாள். மூன்றாம் நாள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஏழு வயதில் அவள் விரலை ரத்தம் வரக் கடித்தவள் அந்தப் பெண். அன்றிலிருந்து அவளுக்குக் கடிக்காரி என்று பெயர், பல்லக்கா வைத்ததுதான். திரும்பிப் பார்க்க உடம்பெல்லாம் துடித்தது, பார்க்கவில்லை. கடிக்காரிக்கு நான்கு கடைவாய்ப் பல்லும் அடைச்சது, அடைச்சது, அடைச்சது, அடைச்சது என்று டாக்டர் சொன்னார். அடடா, இந்தப் பெண்ணுக்குமா என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி, சட்டம் சட்டம்தானே. அதையும் எழுதினாள்.

இரண்டு மாதம் கழித்துத் துறையில் கூட்டம் போட்டார்கள். அங்கே மேடம் ஒரு தாளைப் படித்தார். ஒன்றுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டிய எண்ணிக்கை மூன்றைத் தொட்டிருந்தது. கெட்டது, அடைத்தது, பிடுங்கியது மூன்றையும் சேர்த்துக் கூட்டித்தான் இந்த எண்ணை எடுப்பார்கள், ஏனென்றால் அடைத்த பல்லும் ஒரு காலத்தில் கெட்ட பல்தானே. இருபது வருஷம் இறங்கிக்கொண்டே வந்தது ஒரே எட்டில் மேலே ஏறிவிட்டது. பூச்சு பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்தப் பருவத்தோடு பல் வண்டியை நிறுத்திவிட்டு, பிள்ளைகளுக்குப் பல் அடைக்க ஆஸ்பத்திரியில் இரண்டு நாற்காலி போடுவது என்று தீர்மானம். பல்லக்காவுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் வேறு இடம் பார்த்துத் தருவதாக மேடம் நல்லவிதமாகத்தான் சொன்னார்.

வேறு இடம் யாருக்கு வேண்டும்? வீட்டுக்கு வந்து அந்தத் தாளின் நகலைச் சமையல் மேடையில் விரித்து வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். முதலில் அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. பிறகுதான் புத்தி வந்தது. ஏறியது எந்தக் கட்டம் என்று பார்த்தால், அடைத்தது என்ற கட்டம் மட்டும்தான். சொத்தை இதுவரை இல்லாத அளவுக்குக் குறைந்திருந்தது. பிடுங்கியதும் அப்படியே. அடைத்தது மட்டும் ஐந்நூறைத் தாண்டியிருந்தது. வீட்டுக்காரர் தட்டு கழுவிக்கொண்டிருந்தார், அவரைப் பார்த்து இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் தட்டை வைத்துவிட்டு, அன்றைய ஒதுக்கீட்டில் நான்கு வார்த்தையைச் செலவு செய்தார்.

"இத்தனை பல்லையும் யாரு அடைச்சா?"

அவளுக்குப் பளிச்சென்றது. ஆமாம், யார் அடைத்தார்கள்? இந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பல் அடைக்க ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்தால் ஒன்றரை வருஷம் காத்திருக்க வேண்டும். ஐந்நூறு பல்லை ராவோடு ராவாக யாராவது வந்து அடைத்துவிட்டுப் போனார்களா என்ன? அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்து, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முன்பெல்லாம் பூச்சு கண்ணாடி மாதிரி இருக்கும், பூசியதா இல்லையா என்றே தெரியாது, நல்ல பல் என்றுதான் எண்ணுவார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்பு வெள்ளைப் பூச்சு வந்தது. அதுதான் வேண்டும், எங்கே பெயர்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும் என்று மேடத்தை நச்சரித்து வரவழைத்தது வேறு யாருமில்லை, இவள்தான். அந்த வெள்ளைப் பூச்சு பூசிய முதல் பிள்ளைகளுக்குத்தான் இப்போது பன்னிரண்டு வயது. டார்ச் வெளிச்சத்தில், ஒரு நிமிட அவசரத்தில், பெரியவர்கள் பல்லையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வெள்ளை எல்லாம் அடைத்த பல்லாகத் தெரிந்திருக்கிறது. படிவத்திலும் பூசியது என்று ஒரு கட்டம் இல்லை. இவளோ ஊரெல்லாம் பேசுகிறவள், பேச வேண்டிய நான்கு நாளில் பார்த்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வேலைக்கு முன்னால் கடிக்காரி படிக்கிற பள்ளிக்கு வண்டியை விடச் சொன்னாள். வாசலில் அந்தப் பெண்ணைப் பிடித்து, உனக்குப் பல் அடைத்த டாக்டர் யார் என்று கேட்டாள். பெண் விழித்தது. தான் எந்த டாக்டரிடமும் போனதே இல்லை, வாயில் கை வைத்த ஒரே ஆள் பல்லக்காதான், கடித்ததற்கு மன்னிப்புக்கூடக் கேட்டாயிற்றே என்றது. பல்லக்கா அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். சுற்றி நின்ற சிநேகிதிகள் முன்னால் பன்னிரண்டு வயதுக்கு இதைவிட அவமானம் வேறு இல்லை.

சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும், இதை யாரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? வண்டி போய்விடுமே என்று எண்ணிக்கையை மாற்றப் பார்க்கிறாள் என்பார்கள். எழுதியவளே எழுதியது தப்பு என்றால் எழுதும்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்பார்கள். அதோடு புது டாக்டரின் பெயரையும் கெடுத்ததாகும், அந்த டாக்டர் பிள்ளைக்கு எண்ணுகிற வேலை அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் நேராக மேடத்திடம் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புது டாக்டரின் அறை வாசலில் நின்றாள். பின்னால் போய்ச் சொல்வது அவளுக்கு வராது.

டாக்டர் முதலில் முகம் சிவந்தார். பூச்சுக்கும் அடைப்புக்கும் வித்தியாசம் தெரியாமலா ஐந்து வருஷம் படித்தேன் என்று கேட்டார். தெரியும் டாக்டர், ஆனால் உங்கள் நாற்காலியில் பிள்ளைகள் உட்கார்ந்ததில்லையே என்று இவள் மெதுவாகத்தான் சொன்னாள். மெதுவாக அரை மணி நேரம் சொன்னாள். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பேசினார்.

"அக்கா, நீங்க சொல்றதை வச்சு ஒரு எழுத்தைக்கூட நான் மாத்த மாட்டேன். மறுபடியும் பார்க்கிறேன். முதல்ல ஒரு பள்ளிக்கூடம், அறுபது பிள்ளைங்க, ஒவ்வொரு பல்லா உலர்த்தி, ஊசியால வருடிப் பார்க்கிறேன். நீங்க அந்த அறையிலேயே இருக்கக் கூடாது."

"வாசல்லயும் நிக்கலை டாக்டர். ரோட்டுல நிக்கிறேன்."

அவர் மேடத்திடம் தானே போய்ச் சொன்னார், தன் கண் பிசகியிருக்கலாம் என்று. அந்த வயதில் அதைச் சொல்வதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும், அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு ஒரு கும்பிடு.

மறுபடி பார்க்கிற நாளில் பல்லக்கா பள்ளிக்கூடத்துக்கு எதிரே வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தாள். எழுதுவதற்கு வேறொரு ஆளை மேடமே கூட்டி வந்திருந்தார். காலை ஒன்பது மணிக்குக் கதவு சாத்தினார்கள். அடைத்த பல் என்றால் துளைத்த இடத்தில் ஊசிக்கு ஓர் ஓரம் தட்டுப்படும், பூச்சு என்றால் பல்லின் வரியோடு வரியாக வழுக்கிக்கொண்டு போகும். அது அவளுக்குத் தெரியும், கையே சொல்லும். ஆனால் ஐந்து வருஷத்தில் பூச்சு தேய்ந்து அடியில் சொத்தை விழுந்து, நிஜமாகவே யாராவது அடைத்திருந்தால்? எல்லாம் தன் ஆசைக்குத் தானே கட்டிக்கொண்ட கதையாக இருந்தால்? வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னாள், திரும்பவும் சொன்னாள், அரைத்த மாவையே பதினொரு மணி வரை அரைத்தாள். அவர் சக்கரத்தைத் துடைத்தார். துடைத்த சக்கரத்தையே மறுபடி துடைத்தார். அவருக்கும் பதற்றம்தான், அவர் பதற்றம் துணியில் போகிறது, அவ்வளவுதான்.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. புது டாக்டர் தெருவைக் கடந்து வந்தார், கையில் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. பின்னால் மேடம்.

"முன்னாடி அறுபது பேருக்கு நூத்தி நாற்பத்திரெண்டு பல் அடைச்சதுன்னு சொன்னேன்," என்றார். "நிஜமா அடைச்சது அஞ்சு. மிச்சம் நூத்தி முப்பத்தேழும் உங்க பூச்சு அக்கா. அஞ்சு வருஷம் ஆகியும் அப்படியே இருக்கு. அடியில ஒரு சொத்தை கிடையாது."

பல்லக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே பேசினாள். நூற்று முப்பத்தேழு பல்லையும் எந்தப் பிள்ளை, எந்தப் பக்கம், யார் அழுதது, யார் உதைத்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே அழுதாள். டாக்டர் கேட்டுக்கொண்டு நின்றார். பாவம், அவருக்கு மதியச் சாப்பாடு போயிற்று.

பிறகு மற்ற மூன்று பள்ளியையும் அதே மாதிரி பார்த்தார்கள், படிவத்தில் பூசியது என்று ஐந்தாவது கட்டம் கையால் கோடு போட்டுச் சேர்த்து. இருநூற்று நாற்பது பிள்ளைகளில் நூற்றைம்பத்தொரு பேருக்கு ஒரு சொத்தைகூட இல்லை, இன்றைக்கும் இல்லை, முன்பு வந்ததும் இல்லை. பத்துப் பிள்ளைக்கு ஆறு பல் என்ற அளவுக்கு எண்ணிக்கை இறங்கியிருந்தது. இருபது வருஷத்துக்கு முன்பு அதே பத்துப் பிள்ளைக்கு நாற்பது பல். வண்டியை நிறுத்தும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் ரத்து செய்தார்கள், யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

கூட்டம் முடிந்து மேடம் வண்டி நிற்கிற இடத்துக்கே வந்தார். முகத்தில் சந்தோஷமும் இருந்தது, ஒரு யோசனையும் இருந்தது. சின்னப் பிள்ளைகள் விஷயம் சரி, பெரிய பள்ளிக்கூடத்தில்தான் தலைவலி என்றார். பதினைந்து பதினாறு வயதுக்காரர்களையும் புது டாக்டரை விட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார், அங்கே நிஜமாகவே சொத்தை ஏறுகிறது. பூச்சு பூசிய பள்ளம் பத்திரமாக இருக்கிறது, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் பிடிக்கிறது. காரணம் தேட வேண்டியதில்லை, ஒவ்வொருவன் பையிலும் ஒரு பாட்டில். சுறுசுறுப்பு தருமாம், விளையாட்டுக்கு நல்லதாம், காலையில் திறந்தால் சாயந்திரம் வரை மடக்கு மடக்காகச் சர்க்கரைத் தண்ணீர். ஒரே மூச்சில் குடித்துத் தொலைத்தாலாவது பல்லுக்கு ஓய்வு கிடைக்கும், இது நாள் முழுக்கப் பல்லை ஊறப்போடுகிற வேலை. துண்டுப் பிரசுரம் கொடுத்துப் பார்த்தார்களாம், அதில் கப்பல் செய்து விட்டார்களாம்.

அதனால் அடுத்த மாதத்திலிருந்து வண்டி பெரிய பள்ளிகளுக்கும் போக வேண்டும் என்றார் மேடம். அந்த வயதுக்கு வாயைத் திறந்து காட்டச் சொன்னால் ஓடிவிடுவார்கள், அடித்துத் திருத்தவும் முடியாது, பயமுறுத்தினால் சிரிப்பார்கள்.

"அவங்களோட உட்கார்ந்து பேசணும்மா. ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்பப் பேசணும். வாரம் முழுக்க, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா, அலுக்காம பேசிக்கிட்டே இருக்கணும். உங்களால முடியுமா?"

சக்கரத்துக்குப் பக்கத்தில் தொப்பென்று ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. வண்டிக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். துணியை வாயில் வைத்து அமுக்கிப் பார்த்தார், முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருபது வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து மேடம் பார்த்ததில்லை. என்ன ஆயிற்று இவருக்கு என்று கேட்டார். அதற்குள் மேடத்துக்கே புரிந்து, அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பல்லக்கா இரண்டு பேரையும் ஒரு முறை முறைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ரொம்ப அடக்கமாகப் பதில் சொன்னாள்.

"கஷ்டம்தான் மேடம். முயற்சி பண்ணிப் பார்க்கிறேன்."